இரவில் கார் நிற்கும் இடம்



மின்சாரக் கார் விற்கும் கடைக்குள் நுழைகிறவர் முதலில் கேட்பது, "ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதுதான். விற்பனையாளரும் தயாராக இருப்பார். 325, 345, 410 என்று கிலோமீட்டர் கணக்கு வந்து விழும். பினாங்குத் தீவின் பரப்பே 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடித்துப் பாலம் கடந்து பட்டர்வொர்த் வீட்டுக்குத் திரும்புகிறவர்கூட ஒரு நாளில் 50, 60 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். தூரம் இங்கே பெரிய சிக்கல் இல்லை. வாங்க வந்தவரிடம் கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இரவில் காரை எங்கே நிறுத்துவீர்கள்?" இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

ஜார்ஜ் டவுனுக்கு மின்வண்டி புதிதல்ல. 1904இல் இந்த நகருக்கு மின்சாரம் வந்தது. சிங்கப்பூருக்கே 1906இல்தான் வந்தது. அதே 1906இல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கு முன் நீராவி இழுத்த வண்டி, ஆயர் ஈத்தாம் பக்கம் புகை கக்கிக்கொண்டு போய்வந்தது. 1920களின் நடுவில் தண்டவாளமே தேவைப்படாத டிராலிபஸ் வந்தது. தலைக்கு மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து, சாதாரண ரப்பர் சக்கரத்தில் ஓடும் பேருந்து அது. 1936இல் டிராம் நின்றது. டிராலிபஸ் 1961 வரை ஓடியது. கொடிமலை ஏறும் இழுவை ரயிலும் 1923 முதல் மின்சாரத்தில்தான் ஏறி இறங்குகிறது. பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில் பழைய டிராம் தண்டவாளத்தின் ஒரு பகுதியை இன்றும் பார்க்கலாம்.

பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த வண்டிகளுக்கு மின்சாரம் கொண்டுவந்து சேர்த்தது நகராட்சி. கம்பம் நட்டது, கம்பி இழுத்தது, அறுந்தால் கட்டியது எல்லாம் அதன் வேலை. பயணி டிக்கெட் வாங்கினால் போதும். இன்று மின்கார் வாங்குகிறவர் வண்டியை மட்டும் வாங்கவில்லை. அந்தக் கம்பியை இழுக்கும் பொறுப்பையும் சேர்த்து வாங்குகிறார். தரைவீட்டுக்காரருக்கு அது ஒரு நாள் வேலை. அடுக்குமாடியில் இருப்பவருக்கோ அது கடிதம், கூட்டம், வாக்குவாதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

காரும் பினாங்கும் எப்படி இவ்வளவு பிணைந்தன என்பதற்கு 1985ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஜூலையில் புரோட்டோன் சாகா அறிமுகமானது. அடுத்த மாதம் பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்த பிரதமர் மகாதீர், சாகா காரிலேயே பாலத்தைக் கடந்தார். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம், உள்நாட்டுக் கார், மலிவான பெட்ரோல் ஆகிய மூன்றும் சேர்ந்து பினாங்குக் குடும்பங்களைக் கார்க் குடும்பங்களாக்கின. 2014இல் 24 கிலோமீட்டரில் இரண்டாவது பாலமும் வந்தது. 2021 தொடக்கத்தோடு ஃபெரியில் காரை ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் வழக்கமும் முடிந்துபோனது. இன்று காரோடு தீவுக்கு வர வேண்டுமென்றால் பாலம் ஒன்றே வழி.

சாகா வந்து நாற்பது ஆண்டு நிறைந்துவிட்ட நிலையில் அதே புரோட்டோன் மின்காரும் விற்கிறது. 2024 டிசம்பரில் இ-மாஸ் 7. 2025 அக்டோபரில் அதைவிடச் சிறிய இ-மாஸ் 5, தொடக்க விலை 60,000 ரிங்கிட்டுக்குச் சற்றுக் கீழே. 2025 டிசம்பரில் பெரோடுவாவும் தன் முதல் மின்காரைக் கொண்டுவந்தது. அதுவரை நிலைமை வேறு. 2022இல் இறக்குமதி வரியும் கலால் வரியும் நீக்கப்பட்ட பிறகும், வெளிநாட்டிலிருந்து முழுதாக வரும் மின்கார் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்து விற்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆகவே அது வசதி படைத்தவர் வண்டியாகவே இருந்தது. 2024இல் நாட்டில் விற்ற வாகனங்கள் எட்டு லட்சத்துக்கும் மேல்; அதில் முழு மின்கார்கள் நூற்றுக்கு மூன்றைத் தொடவில்லை. முழுதாக இறக்குமதியாகும் மின்கார்களுக்கான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. சாலைவரி விலக்கும் அதே நாளில் முடிந்து, மோட்டாரின் கிலோவாட் அளவை வைத்து வரி கட்டும் முறை வந்திருக்கிறது. உள்நாட்டில் பூட்டப்படும் கார்களுக்கு 2027 இறுதி வரை சலுகை உண்டு. மின்கார் இனி நடுத்தரக் குடும்பத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் வருகிறது. அதனால்தான் கணக்கைச் சரியாகப் போட வேண்டியிருக்கிறது.

போட்டுப் பார்ப்போம். மாதம் 1,250 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய கார். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்றால் மாதம் 87 லிட்டருக்குச் சற்று மேல். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு மைகார்டைக் காட்டினால் ரோன் 95 லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். ஆக, மாதச் செலவு 174 ரிங்கிட்.

அதே தூரத்துக்கு மின்கார் நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மாதம் 200 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 2025 ஜூலையில் தெனாகா நேஷனல் கொண்டுவந்த புதிய கட்டணப்படி ஒரு யூனிட் சுமார் 44 சென். ஆக 90 ரிங்கிட் சொச்சம். வீட்டின் மொத்த உபயோகம் ஏறும்போது சிக்கனச் சலுகை குறையும் என்பதால் நூறு, நூற்றுப் பத்து என்று வைத்துக்கொள்வது நேர்மை. மிச்சம் மாதம் 65 அல்லது 70 ரிங்கிட். எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவு இல்லை என்பது இதற்கு மேல்.

இப்போது வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவரின் கணக்கு. பேரங்காடிகளிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் இருக்கும் அதிவேக நிலையங்களில் யூனிட் ஒன்றுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல்தான். பல இடங்களில் ஒன்றரை ரிங்கிட்டை ஒட்டிப் போகும். 1 ரிங்கிட் 40 சென் என்று வைத்தால் அதே 1,250 கிலோமீட்டருக்கு 260 ரிங்கிட் ஆகிறது. பெட்ரோல் காரைவிட அதிகம்! ஒரே கார், ஒரே சாலை, ஒரே ஓட்டுநர். இரவில் கார் நிற்கும் இடத்தில் பிளக் இருந்தால் நூறு, இல்லாவிட்டால் 260. பெட்ரோல் செலவு மிச்சமாகி, போட்ட முதல் தானாகத் திரும்பிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறைக்கிறார்கள். மானியப் பெட்ரோல் கிடைக்கும் நாட்டில் அந்தப் பேச்சு பாதி உண்மைதான்.

அப்படியானால் பினாங்கில் யாருக்கு இரவில் பிளக் இருக்கிறது? செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாமில், நிபோங் திபாலில் வாசலோடு தரைவீடு உள்ளவருக்கு இருக்கிறது. தீவில் நிலைமை வேறு. பாயான் பாருவிலும் சுங்கை ஆராவிலும் ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் தலை நிமிர்ந்து பார்த்தால் அடுக்குமாடிகள். 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் பழைய நகரத்தில், லெபோ பாசார், குவீன் தெரு பக்கம் கடைவீட்டு மாடியில் குடியிருப்பவர் காரைத் தெருவில்தான் நிறுத்துகிறார். இவர்களுக்கு வண்டி கிடைக்கும், வங்கிக் கடனும் கிடைக்கும். கம்பி மட்டும் கிடைக்காது.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மலேசியாவில் விற்கும் மின்கார்களில் பெரும்பாலானவற்றின் சார்ஜ் பிளக் வட்டமாக, மேல் விளிம்பு மட்டும் தட்டையாக இருக்கும். உள்ளே ஏழு முனைகள். மின்சாரம் போவதற்கும் பூமியிணைப்புக்கும் ஐந்து. மேலே இருக்கும் சிறிய இரண்டும் பேச்சுவார்த்தைக்கு. பிளக்கைச் செருகியவுடன் மின்சாரம் பாய்வதில்லை. அந்தச் சிறு முனைகள் வழியே பெட்டியும் காரும் முதலில் பேசிக்கொள்ளும்: கம்பி எத்தனை ஆம்பியர் தாங்கும், கார் எவ்வளவு இழுக்கலாம், பூமியிணைப்பு சரியாக இருக்கிறதா? எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் பெட்டிக்குள் 'டக்' என்று சத்தம் கேட்கும், மின்சாரம் ஏறும். சாரல் மழையில் செருகினாலும் ஷாக் அடிக்காததற்குக் காரணம் இதுதான்.

வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டி பொதுவாக 7 கிலோவாட். 40 யூனிட் பேட்டரியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். ஆனால் தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஓர் இரவில் தேவைப்படுவது வெறும் 8 யூனிட். சாதாரண மூன்று முனைப் பிளக்கில், 2 கிலோவாட் ஓட்டத்தில், நான்கு மணி நேரத்தில் அது ஏறிவிடும். இரவு பத்துக்குச் செருகினால் விடியும் முன்பே முடிந்த வேலை. அந்தப் பிளக்குக்கென்று தனிக் கம்பி, கசிவு நேர்ந்தால் துண்டிக்கும் கருவி, பதிவு பெற்ற மின் ஒப்பந்தக்காரரின் கை ஆகிய மூன்றும் கட்டாயம். ஐந்தாம் மாடி சன்னலிலிருந்து நீட்டுக்கம்பி தொங்கவிடுவது உயிரோடு விளையாடும் வேலை.

அடுக்குமாடிக் கூட்டங்களில் மறுப்பு வரும்போது மூன்று காரணங்கள் சொல்லப்படும். முதலாவது, கட்டடத்தின் மின்சாரம் தாங்காது என்பது. இருபது கார், ஒவ்வொன்றும் 7 கிலோவாட், மொத்தம் 140 கிலோவாட் என்று பெருக்கிக் காட்டுவார்கள். எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால்தான் அந்தக் கணக்கு. இருபது காருக்கும் ஓர் இரவில் தேவை 160 யூனிட்; எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் 20 கிலோவாட். இருபது வீட்டுக் குளிர்சாதனங்கள் ஓடும் அளவுதான். கார்களுக்குள் மின்சாரத்தை முறைவைத்துப் பங்கிடும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன.

இரண்டாவது, பொது மீட்டரில் ஏறும் பணத்தை யார் கட்டுவது என்பது. கார் இல்லாத பாட்டியின் பராமரிப்புக் கட்டணத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கார் ஓடக் கூடாது. இந்த மறுப்பில் நியாயம் முழுவதும் இருக்கிறது. தனித்தனித் துணை மீட்டர் வைக்கலாம். கைப்பேசிச் செயலி வழியே வசூலிக்கும் நிறுவனத்திடம் சில பெட்டிகளை ஒப்படைக்கலாம். எதுவானாலும் பயன்படுத்துகிறவர்தான் பணம் கட்ட வேண்டும்.

மூன்றாவது, தீ. இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஓர் அடுக்குமாடியின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் நின்றிருந்த மின்கார் தீப்பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் சேதமடைந்தன. விசாரணையில் வெளிவந்த ஒரு விவரத்தை எல்லா நிர்வாக மன்றங்களும் சுவரில் எழுதி மாட்டலாம்: எச்சரிக்கை மணி அடித்ததும் தண்ணீர் தெளிப்பான் வேலை செய்யாதபடி காவலர் ஒருவர் நிறுத்திவிட்டார். எண்ணிக்கை என்று பார்த்தால், ஸ்வீடன் அரசின் குடிமைப் பாதுகாப்பு அமைப்பு திரட்டிய விவரங்களில் பெட்ரோல், டீசல் கார்களைவிட மின்கார்கள் மிகக் குறைவாகவே தீப்பிடிக்கின்றன. ஆனால் பிடித்தால் அணைக்க நேரமாகும். அணைந்தது போலிருந்து மறுபடியும் பிடிக்கும். ஆகவே சார்ஜ் இடம் தீயணைப்பு வண்டி நெருங்கக்கூடிய இடமாக, முடிந்தால் தரைத்தளத்தில் திறந்தவெளியாக இருக்க வேண்டும். மலேசியாவின் வீடமைப்பு, உள்ளாட்சி அமைச்சு 2023இல் மின்கார் சார்ஜ் இடங்களுக்கான திட்ட வழிகாட்டியை வெளியிட்டது. அதைப் படித்தாலே பாதிப் பயம் தெளியும். 2017 நவம்பர் வெள்ளத்தை மறக்காத ஊரில் இன்னொரு நிபந்தனையும் சேர வேண்டும்: பெட்டி உயரத்தில் இருக்கட்டும், தண்ணீரில் மூழ்கிய காரை யாரும் இயக்க வேண்டாம்.

மாடியில் இருப்பவருக்கு மின்கார் ஒத்துவராது என்று கைவிடுகிறவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே பெரும்பான்மை மக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். தனி நிறுத்துமிடம் என்ற பேச்சே அங்கே அபூர்வம். ஆனாலும் 2024இல் பதிவான புதிய கார்களில் மூன்றில் ஒரு பங்கு மின்கார். வீவக கார் நிறுத்துமிடங்களுக்கு அரசே பெட்டிகளைக் கொண்டுவருகிறது. 2030க்குள் நாடு முழுவதும் 60,000 சார்ஜ் முனைகள் என்பது இலக்கு. தனியார் அடுக்குமாடிகளுக்கு 2021இல் மானியம் அறிவித்து, ஒரு பெட்டிக்கு 4,000 வெள்ளி வரை, செலவில் பாதியை ஏற்றுக்கொண்டது. அங்கே பெட்ரோல் விலை நம் விலையைப் போலப் பல மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது. ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல், சார்ஜ் வசதி கேட்கும் அடுக்குமாடி உரிமையாளருக்குச் சட்டமே துணை நிற்கிறது. மலேசியா 2025க்குள் 10,000 பொதுச் சார்ஜ் முனைகள் என்று இலக்கு வைத்தது, அதை எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அவை பகலில் பேரங்காடிக்குப் போகிறவருக்குத்தான் உதவியிருக்கும். குடியிருப்பு நிறுத்துமிடங்களுக்கென்று தனி இலக்கு வைத்திருக்க வேண்டும். அங்கேதான் கொள்கை தவறிவிட்டது.

சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்? இதையும் கூட்டியோ குறைத்தோ சொல்ல வேண்டாம். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரியது. பக்கத்துப் பேராக்கின் மஞ்சோங்கில் எரியும் நிலக்கரி நம் பிளக்கிலும் இருக்கிறது. எரிசக்தி ஆணையத்தின் 2022 கணக்குப்படி ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.77 கிலோ கரியமில வாயு. நூறு கிலோமீட்டருக்கு மின்கார் சுமார் 13 கிலோ. அதே அளவு பெட்ரோல் கார் 16 கிலோ. வித்தியாசம் உண்டு, பெரிதல்ல. நிலக்கரியை 2044க்குள் கைவிடுவதாக அரசு சொல்லியிருக்கிறது. மின் நிலையம் சுத்தமாக ஆக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்காரும் சுத்தமாகும். பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பே இல்லை. சூலியா தெருவின் குறுகலில் கடை போட்டு உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்குக் கிடைக்கும் நிம்மதி மட்டும் முதல் நாளிலிருந்தே முழுசு.

இந்தக் கார்களின் உள்ளுறுப்புகளோடு இந்த வட்டாரத்துக்குச் சொந்தமே உண்டு. 1972இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய மின்னணுத் தொழில் இன்று பாலத்துக்கு அப்பாலும் பரவியிருக்கிறது. கூலிமில் இன்ஃபினியோன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு சில்லு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுப்பது அந்த வகைச் சில்லுதான். அங்கே வேலைக்குப் போய்வரும் இளைஞர்களில் பலர், தாங்கள் செய்யும் பொருள் ஓடும் காரைத் தங்கள் அடுக்குமாடியில் சார்ஜ் போட முடியாத நிலையில் இருக்கிறார்கள். இது மாற வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பாலத்தில் மாலை ஆறு மணிக்கு நிற்கும் வரிசையை மின்கார் குறைக்காது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை 1970 முதல் 2019இல் மறையும் வரை வழிநடத்திய எஸ். எம். முகமது இட்ரிஸ், சாலைக்கு மேல் சாலை போடுவதையும் கடலடிச் சுரங்கப் பாதைத் திட்டத்தையும் எதிர்த்து, நல்ல பொதுப் போக்குவரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது மின்காருக்கும் பொருந்தும். 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட முத்தியாரா எல்.ஆர்.டி. தடம் ஓடத் தொடங்கும்போது, இரண்டு கார் வைத்திருக்கும் குடும்பம் ஒன்றை விற்றுவிட்டால் அதுவே பெரிய மாற்றம். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் கார் வரை போக வேண்டியதும் இல்லை. ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டவருக்கு மின் மோட்டார் சைக்கிள் வாங்க 2,400 ரிங்கிட் கழிவு தரும் திட்டத்தை அரசு 2023 இறுதியில் தொடங்கியது.

இனி, யார் வாங்கலாம், யார் பொறுக்கலாம்? பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு 350 கிலோமீட்டர். தீபாவளிக்கு முதல் நாள் ஓய்விடத்தில் சார்ஜுக்கு வரிசையில் நிற்க மனமில்லாதவர், மாதம் நான்கு முறை அந்தச் சாலையில் போகிறவர், வீட்டில் பிளக்குக்கு வழியே இல்லாதவர் ஆகிய மூவரும் இப்போதைக்குப் பெட்ரோல் காரையே ஓட்டட்டும். நன்றாக ஓடும் பழைய காரை அவசரப்பட்டு விற்பதில் எந்த லாபமும் இல்லை. வாசலில் பிளக் வைக்க முடிந்தவர், அதிலும் தினமும் பாலம் கடக்கிறவர், அடுத்த காரை மின்காராக வாங்கலாம். தயங்கக் காரணம் இல்லை. சார்ஜ் பெட்டிச் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை வருமான வரி நிவாரணமும் உண்டு.

அடுக்குமாடியில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் கட்டாயம். உரிமையாளர் யாரும் ஏழு நாளுக்கு முன்பே எழுத்து மூலம் கொடுத்தால் தங்கள் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம். புதிய துணைவிதிக்கு 21 நாள் முன்னறிவிப்பும் நான்கில் மூன்று பங்கு வாக்கும் வேண்டும். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கு இல்லை. அதை முதலில் கட்டிவிடுங்கள். கார் வாங்கிவிட்டுப் போய்க் கேட்காதீர்கள். வாங்குவதற்கு ஓராண்டு முன்பே கேளுங்கள். முதல் கூட்டத்தில் இருபது பெட்டி கேட்க வேண்டாம். தரைத்தளத்தில் இரண்டு இடம், துணை மீட்டர், பயன்படுத்துகிறவரே பணம் கட்டுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்ட அறிவிப்பு வந்தவுடன் நிர்வாக அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.